வயலில் 1 கிராம், ஆற்றில் 1 கோடி லிட்டர்

ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் ஒரு களைக்கொல்லி குடிநீரில் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. அதாவது, 1 கோடி லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுபோக 1 கிராம் மருந்து போதும். எம்.சி.பி.ஏ. என்ற களைக்கொல்லியை எக்டேருக்கு ஒரு கிலோவுக்கு மேல் அடிப்பது வழக்கம். ஒரு எக்டேரில் அடித்ததில் ஆயிரத்தில் ஒரு பங்கு மழையோடு ஓடினாலே அந்த 1 கிராம் வந்துவிடும்.

வட அயர்லாந்தின் டெர்க் ஆற்றுப் பகுதியில் நடப்பது இதுதான். அங்கே ஈரமான மேய்ச்சல் நிலங்களில் ஜங்கஸ் என்ற களை, கோரை போலக் குத்துக்குத்தாக முளைத்துப் புல்லை அமுக்கிவிடும். அதை ஒழிக்கத்தான் எம்.சி.பி.ஏ. இந்த மருந்து தண்ணீரில் எளிதாகக் கரையும், மண்ணில் ஒட்டாது. காற்றோட்டமுள்ள மண்ணில் நுண்ணுயிர்கள் சில வாரங்களில் இதைச் சிதைத்துவிடும். நீர் தேங்கிய மண்ணிலோ அந்த வேலை மந்தமாகிவிடும். ஜங்கஸ் முளைப்பதோ அப்படிப்பட்ட இடங்களில்தான்.

சுத்திகரிப்பு நிலையத்தில் பிடித்துவிடலாமே என்றால், அதுவும் சுலபமில்லை. ஆற்று நீரில் எம்.சி.பி.ஏ. எதிர்மின்னூட்டத்தோடு இருப்பதால் தண்ணீரை வடிகட்டும் கரித்துகள் படுகையில் சரியாக ஒட்டாது. போதாக்குறைக்கு, மக்கிய செடிகொடிகள் சேர்ந்த கரிச்சேற்று நிலத்திலிருந்து வரும் பழுப்புநிறக் கரிமப் பொருட்கள் கரியின் நுண்துளைகளை முதலிலேயே அடைத்துக்கொள்ளும்.

எனவே பணத்தை வயலுக்கே கொண்டுபோனார்கள். ஐரோப்பிய ஒன்றிய நிதியில் 2017-ல் தொடங்கிய 'சோர்ஸ் டு டேப்' திட்டத்தில், மருந்து தெளிப்பதற்குப் பதிலாகக் களையில் மருந்தைத் தடவும் செலவு விவசாயிக்குக் கிடைத்தது. தெளிப்பான் அவரிடமே இருக்கும். தடவும் கருவிக்கோ வாடகை. பலன் போவது ஆற்றின் கீழே குழாய் திறப்பவருக்கு. காசு இல்லாமல் விவசாயி ஏன் மாற வேண்டும்?

டிராக்டர் அல்லது குவாட் பைக்குக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் கருவி அது. மருந்தில் நனைந்த உருளையோ கயிறோ புல்லுக்கு மேலே நகர்ந்து, உயர்ந்து நிற்கும் ஜங்கஸை மட்டும் உரசும். தடவுவது கிளைபோசேட் என்ற வேறொரு களைக்கொல்லி. அது மண்ணில் இறுகப் பற்றிக்கொள்ளும். தெளிப்பதைவிட மருந்தும் குறைவாகவே செலவாகும். முதலில் மாடுகளையோ ஆடுகளையோ விட்டுப் புல்லைக் குட்டையாக மேயவிட வேண்டும். களைக்கும் புல்லுக்கும் குறைந்தது 10 செ.மீ. உயர வித்தியாசம் இல்லாவிட்டால் புல்லும் கருகும், ஏனென்றால் கிளைபோசேட் புல்லையும் விடாது. ஒரு திசையில் ஓட்டிவிட்டு எதிர்த்திசையிலும் ஓட்டினால்தான் தண்டின் இரு பக்கமும் நனையும். உருளை சொட்டச் சொட்ட நனைந்திருந்தாலும் கெடுதல்தான், சொட்டு விழுந்த இடமெல்லாம் புல் மஞ்சளாகும். சகதியான வயலில் டிராக்டர் இறங்காது என்பதால் வறண்ட நாட்களுக்குக் காத்திருக்க வேண்டும். 

மருந்து கலக்கும் களத்தையும் மறக்கக் கூடாது. டேங்க் கழுவிய நீரும், கேனில் இருந்து உரித்தெறிந்த மூடித்தாளும் வடிகாலில் போனால் வயலில் பட்ட பாடு வீண். இதற்காகவே மருந்து வைக்கும் அலமாரிக்கும் திட்டத்தில் உதவி இருந்தது.

பலனை அளப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மழை வெள்ளத்தில் மருந்தின் அளவு சில மணி நேரத்தில் ஏறி இறங்கிவிடும். வாரம் ஒரு முறை எடுக்கும் மாதிரிக்கு அது தப்பிவிடும். தானியங்கிக் கருவி தினமும் சில முறை மாதிரி எடுக்க வேண்டும். மழை குறைந்த ஆண்டில் மருந்தும் தானாகக் குறையும் என்பதால், திட்டம் நடக்காத பக்கத்து ஃபின் ஆற்றையும் சேர்த்து அளந்து ஒப்பிட்டார்கள்.