சமைக்கிறவருக்கும் பசியாறும் நேரம் வேண்டும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் விடியற்காலை நாலரைக்கே அடுப்பு எரியத் தொடங்குகிறது. பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டி, வீட்டுக்காரருக்கு டப்பா கட்டி, ஆறேகால் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது விட்டுப்போவது சமைத்தவரின் பசியாறல். ஒரு கப் தே தாரிக் மட்டும் உள்ளே போகிறது. பத்து மணிக்கு ரொட்டி சானாய். கூடுதல் நேர வேலை (ஓ.டி.) முடிந்து வந்து எல்லாருக்கும் பரிமாறிய பிறகு, இரவு ஒன்பதரைக்கு மீந்த சோறும் குழம்பும்.

இனிப்புநீர் (நீரிழிவு) சிகிச்சைக்கு வரும் பெண்கள் பலரின் நாள் இப்படித்தான் ஓடுகிறது. 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. "என்னைப் பார்த்துக்க நேரம் எங்க இருக்கு?" என்று இந்தப் பெண்கள் கேட்பது நியாயமான கேள்வி. ஜிம்முக்குப் போகச் சொல்லவில்லை. காலையில் பத்து நிமிடம் உட்கார்ந்து சாப்பிடுவதிலிருந்து தொடங்குங்கள். மற்றவர் டப்பாவைக் கட்டுவதற்கு முன் உங்கள் தட்டைப் போட்டுவிடுங்கள். இரண்டு தோசை, ஒரு அவித்த முட்டை, ஒரு கை கொண்டைக்கடலை போதும். கடலையும் முட்டையும் இருந்தால் பத்து மணிப் பசி அடங்கியிருக்கும்.

கடலைக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை செய்துவிடலாம். 250 கிராமை இரவு ஊறவைத்து, குக்கரில் வேகவைத்து, நீரை வடித்து ஐந்து பங்காக்குங்கள். இரண்டு பங்கு குளிர்பெட்டியில், மூன்று பங்கு உறைபெட்டியில். காங்கோங், சாவி போன்ற கீரைகளைக் கழுவினால் ஈரம் போக உலர்த்திய பிறகே காகிதத்தில் சுற்றி வையுங்கள். ஈரத்தோடு வைத்தால் இரண்டே நாளில் அழுகும்.

மதியச் சாப்பாடு பலருக்குக் கெட்டுப்போவதும் ஒரு தடை. ஐந்து மணிக்குச் சூடாக ஊற்றி இறுக மூடிய தேங்காய்ப்பால் குழம்பு, நம் ஊர் வெயிலில் மதியத்துக்குள் புளித்துவிடும். 5 முதல் 60 பாகை செல்சியஸ் வரையுள்ள வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். கெட்ட குழம்பைக் கொட்டிவிட்டு மீ கோரேங் வாங்குகிறார்கள். வேலை நாளில் தேங்காய்ப்பாலைத் தவிர்த்துப் பிரட்டலாகச் செய்யுங்கள். ஆவி அடங்கிய பிறகு மூடுங்கள். வேலையிடத்தில் குளிர்பெட்டி இருந்தால் போனவுடன் உள்ளே வையுங்கள்.

தட்டில் அளவு எளிது. சுகாதார அமைச்சு சொல்லும் "சுக்கு சுக்கு செபாரோ" (கால், கால், அரை) முறைப்படி கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, முட்டை அல்லது தாஹு (டோஃபு), அரைப் பங்கு காய்கறியும் பழமும். உருளைக்கிழங்குப் பிரட்டலைக் காயாகக் கணக்கிடுவது நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. அது சோற்றின் பங்கில் சேர வேண்டியது. கருவாடும் ஊறுகாயும் ஒரே வேளையில் வேண்டாம். ஒரு நாளைக்கு உப்பு மொத்தமே 5 கிராம்தான்.

சோற்றைக் குறைத்தவர்களும் தேநீரை மறந்துவிடுகிறார்கள். டின்னில் வரும் இனிப்புக் கெட்டிப்பாலில் ஏறக்குறையப் பாதி சீனி. இரண்டு மேசைக்கரண்டி ஊற்றிய ஒரு கப்பில் சுமார் 20 கிராம் சீனி சேரும். மூன்று கப் குடித்தால், ஒரு நாளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்த 50 கிராம் எல்லையைத் தாண்டியாயிற்று. கடையில் "கூராங் மானிஸ்" (இனிப்புக் குறைவு) என்று கேட்டாலும் கெட்டிப்பால் இருக்கும். பாலும் சீனியும் இல்லாத "தே ஓ கோசோங்" கேளுங்கள். உடனே முடியாவிட்டால் வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறையுங்கள், நாக்கு பழகிக்கொள்ளும்.

இனிப்புநீர் மருந்து எடுப்பவர் சாப்பாட்டைத் தவறவிடுவது ஆபத்து. கிளிக்லசைடு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு பசியோடு பஸ் ஏறினால் கை நடுங்கும், வியர்க்கும், தலை சுற்றும். ரத்தச் சர்க்கரை 3.9 mmol/L-க்குக் கீழே இறங்கியிருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். சரியானதும் சாப்பிடுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாமல் 999-ஐ அழையுங்கள்.

அரசின் ரொக்க உதவி பெறுபவருக்கும் அவருடைய துணைக்கும் 40 வயதாகியிருந்தால், குறைந்த வருமானத்தினருக்கான பெகா பி40 சுகாதாரத் திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. மைகார்டு அடையாள அட்டையோடு போங்கள். வெறும் வயிற்றுச் சோதனை என்றால் முந்தைய எட்டு மணி நேரம் தண்ணீர் மட்டும். அன்று காலை இனிப்புநீர் மாத்திரையைப் போடாமல் பையில் எடுத்துச் செல்லுங்கள். ரத்தம் கொடுத்த பிறகு சாப்பாட்டோடு போட்டுக்கொள்ளலாம். இன்சுலின் போடுபவர் அளவை முன்கூட்டியே கிளினிக்கில் கேட்டுக்கொள்ள வேண்டும்.