பகையைக் காதலாக்கும்போது சறுக்கும் இடங்கள்

டார்க் ஃபேண்டஸி (மாயாஜாலமும் இருளும் கலந்த) சாகச நாவலில் மோதல் காதலாக மாறும் கதை என்றால் எடிட்டர் முதலில் தேடுவது முத்தக் காட்சியை அல்ல, பகைக்கான காரணத்தை. பல கையெழுத்துப் பிரதிகளில் அது இருக்காது. அவன் திமிராகப் பேசினான், அவளுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இது பகையல்ல, எரிச்சல். ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் ஆறிவிடும்.

இருவரையும் உட்காரவைத்துப் பத்து நிமிடம் உண்மையைப் பேசவிட்டால் சண்டை தீர்ந்துவிடுமா என்று யோசித்துப் பாருங்கள். தீரும் என்றால் 300 பக்கத்துக்கு அது தாங்காது. இப்படி வைத்துப் பாருங்கள்: அவள் காவல் காக்கும் மந்திர முத்திரையை உடைத்தால்தான் அவன் தங்கையின் சாபம் நீங்கும். உடைத்தால் அவள் ஊர் அழியும். இது பேசித் தீராது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

ஒரு லட்சம் சொல் கொண்ட நாவலில் முதல் இருபதாயிரம் சொற்களாவது பகை பகையாகவே இருக்கட்டும். பிறகு ஏதோ ஒரு கட்டாயம் இருவரையும் ஒரே பாதையில் தள்ள வேண்டும். ஈர்ப்பு எப்போது வேண்டுமானாலும் எட்டிப்பார்க்கலாம். நம்பிக்கை மட்டும் பாதிக் கதைக்கு முன்னால் வரக்கூடாது. முக்கால்வாசியில் பழைய கணக்கு திரும்பி வந்து நிற்க வேண்டும். எல்லாம் தோராயம்தான், ஆனால் வரிசை மாறினால் காதல் திடீரென்று முளைத்ததுபோல் ஆகிவிடும்.

“உன்னை நம்புகிறேன்” என்ற வசனத்தை யோசிக்காமல் வெட்டலாம். அதைச் செயலில் காட்டுங்கள். காவல் மாறும் நேரம். அவன் வாளை உறையோடு கழற்றி, பிடி அவள் பக்கம் இருக்கும்படி வைத்துவிட்டு, முதுகைக் காட்டிப் படுக்கிறான். அவள் அதைத் தொடவில்லை. விடியும்வரை தூங்கவும் இல்லை. இது எடுபட வேண்டுமானால் நாலு அத்தியாயம் முன்பே அவன் சுவரில் சாய்ந்தபடி, வாளை மடியில் வைத்துத் தூங்குவதைக் காட்டியிருக்க வேண்டும்.

அதிகம் கவனிக்க வேண்டியது அவன் அவளைச் சிறைவைக்கும் காட்சிகளை. 1973 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோம் வங்கி ஒன்றில் பிணைக்கைதிகளாக இருந்தவர்கள், தங்களைப் பிடித்துவைத்தவர்கள்மேலேயே பரிவு காட்டினார்கள். ‘ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம்’ என்ற பெயர் வந்தது அதிலிருந்துதான். உயிர் யார் கையில் இருக்கிறதோ அவர் முகம் பார்த்து நடப்பது பிழைக்கும் வழி. அதைக் காதல் என்று எழுதினால் கொடுமைக்குப் பூச்சூட்டுகிறோம். முதல் முத்தத்துக்கு முன்பே கூண்டு திறக்க வேண்டும், அவள் வெளியே போக வேண்டும், குறைந்தது ஒரு அத்தியாயமாவது அவன் இல்லாமல் வாழ வேண்டும். திரும்பி வந்தால் அது அவளுடைய சொந்தக் காரணத்துக்காக. இருவர் உயிரையும் ஒன்றாகக் கட்டும் உயிர்ப்பிணைப்பு மந்திரத்துக்கும் இதே விதிதான்: மந்திரம் அறுந்த பிறகும் அந்த ஈர்ப்பு நிற்கிறதா என்று காட்டாமல் காதலைச் சொல்லவைக்காதீர்கள். இருவரும் வயதுவந்தவர்கள் என்பதும் பிரதியில் தெளிவாக இருக்க வேண்டும்.

அடுத்தது மன்னிப்பு. அவனுடைய சோகமான சிறுவயதைச் சொன்னதும் அவள் அழுது எல்லாவற்றையும் மறந்துவிடுகிறாள். பிரதிகளில் சலிக்கச் சலிக்க வரும் காட்சி இது. கடந்தகாலம் அவன் ஏன் அப்படிச் செய்தான் என்பதை விளக்கும், கணக்கைத் தீர்க்காது. செய்ததைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்ளட்டும். பதவியோ மந்திர சக்தியோ, திரும்பக் கிடைக்காத ஒன்றை இழக்கட்டும். தன் கையாலேயே அவளைச் சித்திரவதை செய்தவனாக இருந்தால் அவனைக் காதலனாக்கும் எண்ணத்தையே விட்டுவிடுவது நல்லது.

வன்முறை, சிறைவைப்பு போன்றவை இருந்தால் நூலின் முதல் பக்கத்தில் இரண்டு வரி எச்சரிக்கை போதும்.

காதல் வந்ததும் இருவரும் பல் பிடுங்கிய பாம்பாகிவிடுவது இன்னொரு தொல்லை. நாற்பதாம் அத்தியாயத்திலும் அவள் அவனைக் குத்திப் பேசட்டும். மூன்றாம் அத்தியாயத்தில் வலிக்கிற இடம் பார்த்துக் குத்தினாள். இப்போது அந்த இடம் தெரிந்தும் தள்ளிக் குத்துகிறாள்.