நோட்டீஸ் வாங்கியவர் யார் என்று பிரஸ்காரனுக்குத் தெரியாது

மதுரையில் ஒரு சின்ன பிரஸ்ஸில் பன்னிரண்டு வருடம் டிடிபி ஆபரேட்டராக இருந்தேன். கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள்தான் சோறு போட்டது. முப்பத்தைந்து வயதுக்கு மேல் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், அப்புறம் பிஎச்பி என்று ராத்திரியில் உட்கார்ந்து படித்து வலைத்தள வேலைக்கு மாறினேன். பகலில் கடைகளுக்குத் தளம், மாலையில் எங்கள் பகுதிக் கண்மாய்ப் பாதுகாப்புக் குழுவுக்குத் தளம். இதே மாதிரி வர நினைக்கிறவர்கள் முதலில் எதைப் படிக்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். எதைப் படித்தாலும் சரி. எனக்கு உதைத்தது வேறு இடத்தில்.

பிரஸ்ஸில் ஒரு பழக்கம் ஊறிப்போயிருந்தது. தேர்தல் நோட்டீஸ் அடிக்க யார் வந்தாலும், 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவுப்படி அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் தாளில் இருந்தாக வேண்டும். வெளியிடுபவர் தன்னை நேரில் தெரிந்த இரண்டு பேரிடம் சான்றொப்பம் வாங்கி உறுதிமொழி தரவேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆக, பேசுகிறவர் யார் என்பது தெரியும். நோட்டீஸை வாங்கிப் படித்தவர் யார், மடித்துப் பையில் வைத்தவர் யார் என்பது எங்களுக்கும் தெரியாது, கலெக்டர் ஆபீசுக்கும் தெரியாது.

வலைத்தளத்தில் இது தலைகீழ். தளம் நடத்துகிறவர் மறைந்துகொள்ளலாம். கையெழுத்துப் போடுகிறவரின் விவரம்தான் மொத்தமாக வந்து குவிகிறது.

குழுவின் முதல் கையெழுத்து இயக்கத்துக்கு கூகுள் ஃபார்ம் போட்டவன் நான்தான். பெயர், போன் நம்பர், தெரு, வாக்காளர் அட்டை எண் என்று, கிடக்கட்டுமே என்று எல்லாவற்றையும் கேட்டேன். பதில்கள் சேரும் ஷீட்டை, லிங்க் வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம் என்று திறந்துவிட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அது எங்கெங்கோ போயிருக்கிறது. நாலாம் நாள் கையெழுத்துப் போட்ட அக்கா ஒருவர் கூப்பிட்டார். "தம்பி, எவனோ எங்க தெருப் பேரைச் சொல்லி, கண்மாய் விஷயத்துல உனக்கு என்னம்மா வேலைன்னு கேக்குறான்." ஷீட்டை உடனே மூடினேன். மூடி என்ன பயன்? அதற்குள் யார் நகலெடுத்தார்கள் என்று கண்டுபிடிக்க எனக்கு வழி இல்லை.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2015இல் நெட் நியூட்ராலிட்டி, அதாவது எல்லாத் தளங்களுக்கும் இணையம் ஒரே மாதிரி கிடைக்க வேண்டும் என்று கேட்டு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்குப் போயின. ஏப்ரல் கடைசியில் டிராய் அவற்றை, அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரியோடு அப்படியே தன் தளத்தில் ஏற்றிவிட்டது. 2016 பிப்ரவரியில், தளத்துக்குத் தளம் மாறும் பாரபட்சக் கட்டணத்துக்குத் தடை வந்தது, போராட்டம் ஜெயித்தது. ஆனால் போன முகவரிகள் போனவைதான்.

இப்போது ஃபார்மில் ஒவ்வொரு கட்டம் சேர்க்கும்போதும், இது இல்லாவிட்டால் மனுவை வாங்க மாட்டார்களா என்று கேட்டுக்கொள்கிறேன். வாக்காளர் எண் அப்படித்தான் முதலில் போனது. போராட்டப் படங்களையும் அப்படியே ஏற்றுவதில்லை. லொகேஷன் ஆன் செய்த போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடம் பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது உதிர்ந்துவிடும். தெளிவாக இருக்கட்டும் என்று டாக்குமெண்டாக அனுப்பினால் கூடவே வரும்.

போன் நம்பரைக் கேட்க வேண்டாம் என்றதும் குழுவின் மூத்த அண்ணன் ஒருவர் கோபித்துக்கொண்டார். "நம்பர் இல்லாம அடுத்த கூட்டத்துக்கு எப்படிப்பா ஆளைக் கூப்பிடறது?" நியாயமான கேள்விதான். விருப்பம் இருந்தால் மட்டும் நிரப்பும் கட்டமாக அதை வைத்தோம். எதற்காகக் கேட்கிறோம், என்றைக்கு அழிப்போம் என்று பக்கத்திலேயே எழுதினோம். ஏறக்குறைய பாதிப் பேர் நம்பர் கொடுத்தார்கள். கூட்டம் முடிந்த மறுநாள் அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் அந்தப் பட்டியலை அழித்தேன்.