கேரக்டர் ஆக்டர் என்பவர் துணை நடிகர் அல்லர்

ஆங்கிலத்தில் 'கேரக்டர் ஆக்டர்' என்று இருந்தால் தமிழில் 'துணை நடிகர்' என்று போட்டுவிடும் பழக்கம் எங்கே பார்த்தாலும் பரவிவிட்டது. ஹாலிவுட்டில் மூத்த நடிகர் ஒருவர் மறைந்தால், மறுநாள் இரங்கல் செய்தியில் 'பிரபல துணை நடிகர் காலமானார்'. ஓடிடி தளங்களின் தமிழ்க் குறிப்புகளிலும் இதே கதைதான். வாழ்நாள் முழுக்க விதவிதமான மனிதர்களாக மாறி மாறி நடித்த ஒருவரை, ஒரே சொல்லில் கூட்டத்தின் கடைசி வரிசைக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

துணை நடிகர் என்ற சொல்லுக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. ஏஜெண்டு கூப்பிட்டால் நாள் சம்பளத்துக்கு வந்து, கல்யாண வீட்டுக் கூட்டத்திலும் சந்தைக் கூட்டத்திலும் நிற்பவரைத்தான் கோடம்பாக்கம் துணை நடிகர் என்கிறது. ஜூனியர் ஆர்டிஸ்ட் என்றும் சொல்வார்கள். ஹாலிவுட்டில் அவர்களுக்குப் பெயர் 'எக்ஸ்ட்ரா'. அந்த உழைப்பு மரியாதைக்குரியது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது வேறு தொழில், இது வேறு தொழில்.

'கேரக்டர்' கிரேக்கத்திலிருந்து வந்த சொல். கீறுதல், பொறித்தல் என்ற பொருளுள்ள வினையிலிருந்து பிறந்தது. நாணயத்தில் முத்திரை பதிக்கும் அச்சுக்கும் அந்த முத்திரைக்கும் பெயராக இருந்து, பிறகு ஒரு மனிதனை இன்னான் என்று காட்டும் தனிக்கூறுக்குப் பெயரானது. அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோபிராஸ்டஸ் முகத்துதி செய்பவன், வாயாடி, கஞ்சன் என்று 30 வகை மனிதர்களைக் குறுஞ்சித்திரங்களாக எழுதிவைத்த தொகுப்புக்கும் இதுவே பெயர். நாடகத்தில் வரும் ஆள் என்ற பொருள் ஆங்கிலத்தில் பின்னால் வந்து சேர்ந்தது. ஆக, கேரக்டர் ஆக்டர் என்றால் ஒரு மனிதனின் தனித்த குணக்கூறுகளை நம் கண்முன் வரைந்து காட்டுவதே தொழிலாகக் கொண்டவர். இதில் 'துணை' எங்கே வந்தது?

வந்த வழி தெரிந்ததுதான். ஆஸ்காரில் 'சப்போர்ட்டிங் ஆக்டர்' என்று ஒரு விருது உண்டு. கேரக்டர் ஆக்டர்கள் பெரும்பாலும் அந்த வரிசையில்தான் வாங்குவார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று யாரோ முடிவு கட்ட, மற்றவர்கள் அப்படியே பிடித்துக்கொண்டார்கள். ஒன்று, கதையில் அந்தப் பாத்திரத்துக்கு எந்த இடம் என்பதைச் சொல்கிறது. மற்றது, அந்த ஆளின் கலை எந்த வகை என்பதைச் சொல்கிறது.

இந்த வேறுபாட்டுக்கு ஹாலிவுட் நடிகர் வால்டர் பிரென்னனின் வாழ்க்கையைவிடத் தெளிவான சான்று கிடையாது. 1894-இல் மாசசூசெட்ஸில் பிறந்தவர். முதல் உலகப் போருக்குப் போய்வந்து, லாஸ் ஏஞ்சல்ஸில் நிலம் வாங்கி விற்றுச் சம்பாதித்து, 1920-களின் நடுவில் எல்லாவற்றையும் இழந்தார். வயிற்றுப்பாட்டுக்காகப் படப்பிடிப்புகளில் எக்ஸ்ட்ராவாகப் போய் நின்றார். நம் வழக்கில் அசல் துணை நடிகர். 1933-இல் வந்த 'தி இன்விசிபிள் மேன்' படத்தில் சைக்கிளுக்குச் சொந்தக்காரராக வருவார், பெயர் போடமாட்டார்கள். 1935-இன் 'பிரைடு ஆஃப் பிராங்கன்ஸ்டைன்' படத்திலும் பெயரில்லாத ஓர் ஊர்க்காரர்.

விபத்தொன்றில் முன்பற்கள் போய்விட்டன. அதையே அவர் தொழிலுக்கு முதலாக்கிக்கொண்டார். 'பார்பரி கோஸ்ட்' படத்துக்காக இயக்குநர் ஹாவர்ட் ஹாக்ஸிடம் போனபோது, "வைத்துக்கொண்டா, வைக்காமலா?" என்று கேட்டாராம். "எதை?" "பல்லை." ஹாக்ஸே பிற்காலத்தில் சொன்ன கதை இது. பல்செட் இருந்தால் ஒரு முகம், கழற்றினால் இருபது வயது கூடிய இன்னொரு முகம், வேறு குரல். ஐம்பதைத் தொடுவதற்கு முன்பே கிழவர் வேடங்களில் அவரை யாரும் சந்தேகப்படவில்லை.

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். துணைப் பாத்திரங்களுக்கான ஆஸ்கார் முதன்முதலாக 1936-ஆம் ஆண்டுப் படங்களுக்குக் கொடுக்கப்பட்டபோது, நடிகர் வரிசையில் முதல் ஆளாக வாங்கியவர் பிரென்னன். 'கம் அண்ட் கெட் இட்' படத்தில் சுவீடன்காரராக நடித்ததற்கு. 1938-இன் 'கென்டக்கி'க்காக இரண்டாவது. 1940-இன் 'தி வெஸ்டர்னர்' படத்துக்காக மூன்றாவது. துணைப் பாத்திரத்துக்காகவே மூன்று ஆஸ்கார் வாங்கிய நடிகர் அவர் ஒருவர்தான். அந்த நாளில் எக்ஸ்ட்ராக்களுக்கும் ஆஸ்கார் வாக்குரிமை இருந்தது. தங்களோடு நின்றவர் என்ற பாசத்தில் அவர்கள் பிரென்னனுக்கு வாக்கை அள்ளிக் கொடுத்தார்கள் என்று ஹாலிவுட் வரலாற்றில் பரவலாகச் சொல்வார்கள். இந்த வாக்கியத்தைத் 'துணை நடிகர்' கட்சிக்காரர்கள் தமிழில் எழுதிப் பார்க்கட்டும். 'துணை நடிகர்கள் துணை நடிகருக்கு வாக்களித்து, சிறந்த துணை நடிகர் விருது வாங்கிக் கொடுத்தார்கள்.' எக்ஸ்ட்ரா யார், கேரக்டர் ஆக்டர் யார், எந்த விருது? மூன்று தனிப் பொருள்கள் ஒரே குழியில் விழுந்துவிட்டன. மொழிபெயர்ப்பு படிப்பவருக்குப் புரிய வேண்டும் என்ற அக்கறை இருந்தால் இப்படி எழுத மனம் வராது.

சரி, தொலைக்காட்சிக்கு வருவோம். 1957 முதல் 1963 வரை ஓடிய 'தி ரியல் மெக்காய்ஸ்' தொடரில் மேற்கு வர்ஜீனியா மலையிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடிபெயரும் விவசாயக் குடும்பத்தின் தாத்தா ஏமஸ் மெக்காயாக வருவார் பிரென்னன். பெயர்ப் பட்டியலில் முதல் பெயர் அவருடையது. வீடே அந்தக் கிழவரின் முணுமுணுப்பைச் சுற்றித்தான் நடக்கும். அவர் அங்கே யாருக்குத் துணை? அப்படியிருந்தும் அமெரிக்காவில் எவரும் 'இனி அவர் கேரக்டர் ஆக்டர் இல்லை' என்று சொல்லவில்லை. 1955-இன் 'மார்ட்டி' படத்துக்காகச் சிறந்த நடிகர் ஆஸ்காரே வாங்கிய எர்னஸ்ட் போர்க்னைனையும் அப்படித்தான் கடைசிவரை அழைத்தார்கள்.

இனி மாற்றுச் சொற்கள். 'பாத்திர நடிகர்' என்கிறார்கள் சிலர். பாத்திரமே ஏற்காத நடிகர் யார்? கதாநாயகனும் ஒரு பாத்திரத்தில்தான் நடிக்கிறான். ஆங்கிலத்தில் 'கேரக்டர்' என்பதற்குக் குணம், நாடகத்தில் வரும் ஆள் என்று இரு பொருளும் உண்டு. தமிழில் பாத்திரத்துக்கு முதல் பொருள் இல்லை. ஆகவே இது சொல்லுக்குச் சொல் போட்டு வைத்ததுதான், பொருள் வந்து சேரவில்லை. 'பண்பு நடிகர்' என்பது தனித்தமிழ் அன்பர்கள் பக்கத்துச் சொல். பழந்தமிழில் பண்பு என்றால் இயல்பு, தன்மை, அது உண்மை. இன்றைய காதுக்கோ பண்பு என்றால் நல்லொழுக்கம். பண்பாளர் என்று யாரைச் சொல்கிறோம்? பண்பு நடிகர் என்றால் செட்டில் எல்லோரிடமும் மரியாதையாக நடந்துகொள்பவர் என்றுதான் ஒருவர் எடுத்துக்கொள்வார்.

மலையாளத்தில் 'சுபாவ நடன்' என்கிறார்கள். கேரள அரசு விருதில் முன்பு இரண்டாவது சிறந்த நடிகர் என்றிருந்த பெயரைக் கைவிட்டு இதற்கு மாறினார்கள். இடத்தை வைத்துப் பெயரிடுவதை விட்டுக் கலையை வைத்துப் பெயரிட்டது நல்ல முடிவு.

நம்மிடம் இதைவிட நல்ல சொல் பல ஆண்டுகளாக இருக்கிறது: குணச்சித்திர நடிகர். எஸ்.வி. ரங்காராவைத் தமிழ் ரசிகர்கள் அப்படித்தான் சொன்னார்கள், தமிழக அரசு விருதிலும் அந்தப் பெயர் உண்டு. குணத்தைச் சித்திரமாகத் தீட்டுபவர். தியோபிராஸ்டஸ் செய்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை எந்த மொழியில் தேடுவது? இரண்டும் வடசொல் ஆயிற்றே என்பவர்களுக்கு: 'வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ', அதாவது வடவெழுத்தை விட்டுத் தமிழ் எழுத்தில் அமைந்தால் வடசொல்லும் வரலாம் என்று தொல்காப்பியரே வழி வகுத்திருக்கிறார். தமிழ் ஒலியில் அமர்ந்து, மக்கள் நாவில் பழகி, பொருளும் துல்லியமாக இருக்கிற சொல்லை விரட்டிவிட்டுத் 'துணை'யைக் கொண்டுவருவதில் தூய்மையும் இல்லை, தெளிவும் இல்லை.

ஒரு குறை மட்டும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. நம் சினிமாப் பேச்சில் குணச்சித்திரம் சுருங்கிப்போய்விட்டது. அடியாள் கூட்டத்தோடு வருபவர் வில்லன் நடிகர், சிரிக்க வைப்பவர் நகைச்சுவை நடிகர், மிச்சமிருக்கும் அப்பா, அண்ணன், பண்ணையார் எல்லாம் குணச்சித்திரம் என்று அறை பிரித்துவிட்டார்கள். கேரக்டர் ஆக்டர் என்ற பெயரில் இந்த மூன்று அறைகளும் அடக்கம். 'மை டார்லிங் கிளமென்டைன்' படத்தில் பிரென்னன் கிழட்டு கிளாண்டன். துப்பாக்கியை எடுத்தால் ஆளைக் கொன்றுவிட வேண்டும் என்று பெற்ற பிள்ளைகளையே சாட்டையால் விளாசுவார். பார்ப்பவருக்கு உடம்பு சில்லிடும். இரண்டு ஆண்டு கழித்து 'ரெட் ரிவர்' படத்தில் சமையல்காரக் கிழவர். சீட்டாட்டத்தில் பல்செட்டைத் தோற்றுவிட்டு, சாப்பாட்டு வேளைக்கு மட்டும் அதை இரவல் வாங்கிப் போட்டுக்கொள்வார். 'ரியோ பிராவோ'வில் சிறையைக் காவல் காக்கும் நொண்டிக் கிழவர். மெக்காய் தாத்தாவும் நொண்டுவார்தான், ஆனால் இந்தக் கிழவரை அந்தத் தாத்தா என்று யாரும் மயங்கமாட்டார்கள். கொடுமை, சிரிப்பு, முரட்டுப் பாசம் எல்லாமே குணங்கள்தாம். குணம் என்றால் நற்குணம் மட்டுமே என்று நாமாகக் குறுக்கிக்கொண்டதை நாமே விரித்துக்கொள்ளலாம். சொல்லின் மேல் பழி இல்லை.

ஆகவே என் பரிந்துரை இது. கேரக்டர் ஆக்டருக்குக் குணச்சித்திர நடிகர். ஆஸ்கார் விருதுக்குச் 'சிறந்த துணைப்பாத்திர நடிகர்'; 'பாத்திர' என்று ஒரே சொல்தான் கூடுகிறது, துணை என்பது ஆளை விட்டுப் பாத்திரத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. எக்ஸ்ட்ராவுக்கு இருக்கும் துணை நடிகர் அப்படியே இருக்கட்டும்.

பெண்கள் விஷயத்தில் இந்தக் கவனம் இன்னும் அவசியம். குற்றச் செய்தித் தலைப்புகளில் அடித்து அடித்துத் 'துணை நடிகை' என்ற சொல்லையே நம் பத்திரிகைகள் ஏளனமாக்கி வைத்திருக்கின்றன. அமெரிக்க நடிகை மார்கோ மார்ட்டின்டேலை அந்தப் பெயரில் குறிப்பிடுவதைப் படிக்கும்போது உண்மையிலேயே வலிக்கிறது. 2011-இல் 'ஜஸ்டிஃபைட்' தொடரில் கெண்டக்கி மலைக் கிராமத்துக் குற்றக் குடும்பத்தின் தாயாக நடித்து, தொலைக்காட்சிக்கான எம்மி விருது வாங்கினார். அது துணைப்பாத்திர வரிசையில். 2015-இலும் 2016-இலும் 'தி அமெரிக்கன்ஸ்' தொடருக்காக மறுபடி வாங்கினார். அவை இரண்டும் கௌரவ வேட வரிசையில். வரிசை மாறியிருக்கிறது, அந்த அம்மாளின் தொழில் மாறவில்லை. மூன்று முறையும் வாங்கியவர் ஒரு குணச்சித்திர நடிகை.