மூணாவது வாரத்துல நிறுத்திடாதீங்க

ரேடியேஷனுக்கு நம்ம ஜனங்க வச்சிருக்கற பேரு "கரண்டு வைக்கறது". நான் வட சென்னையில ஒரு சின்ன கேன்சர் சென்டர்ல டெக்னாலஜிஸ்டா இருக்கேன், டாக்டர் போட்டுக் குடுத்த ப்ளான்படி பேஷண்ட்ட டேபிள்ல படுக்க வச்சு, மார்க் சரியா வருதான்னு பாத்து மெஷின ஓட்டறது தான் எங்க வேலை. டாக்டர வாரத்துக்கு ஒரு தடவ பாப்பாங்க, எங்கள திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் தினம் பாப்பாங்க. அதனால யாரு வரல, ஏன் வரலங்கறது மொதல்ல எங்களுக்குத் தான் தெரிய வரும்.

பாதியில நிறுத்தறவங்க ரெண்டு வகை. நல்லாயிட்டோம்னு நிறுத்தறவங்க, தாங்க முடியலன்னு நிறுத்தறவங்க. நான் பாத்த வரைக்கும் ரெண்டுமே பெரும்பாலும் மூணாவது வாரத்துல தான் நடக்குது.

கர்ப்பப்பை வாய் கேன்சர எடுத்துக்கோங்க. வெளியிலேர்ந்து குடுக்கற ரேடியேஷன் பொதுவா 25 சிட்டிங், அஞ்சு வாரம், கூடவே வாரம் ஒரு கீமோ, அதுக்கப்புறம் உள்ள கருவி வச்சு குடுக்கற ப்ராக்கிதெரபி, இது மொத்தமும் 8 வாரத்துக்குள்ள முடியணும். ஆனா பத்து சிட்டிங் போறதுக்குள்ளயே நெறைய பேருக்கு ரத்தப்போக்கு நின்னுடும். மாசக்கணக்கா அவஸ்தைப்பட்டவங்களுக்கு அது எவ்ளோ பெரிய நிம்மதி! மீன் வியாபாரம் பண்ற ஒரு அக்கா, "ரத்தம் நின்னு போச்சு தம்பி, வலியும் இல்ல, இன்னும் எதுக்கு தினம் வந்து யாவாரத்த கெடுத்துக்கணும்"னு கேட்டாங்க. நியாயமான கேள்வி தான். அவங்க மகள வரச்சொல்லி டாக்டர் பேசினாரு, நாங்க சாயந்தர ஸ்லாட்டுக்கு மாத்திக் குடுத்தோம், அப்புறம் முழுசா முடிச்சாங்க. டைம் ஒத்து வரலன்னா வாய விட்டு கேளுங்க, முடிஞ்ச வரைக்கும் மாத்தித் தருவாங்க.

ரத்தம் நின்னுடுச்சுன்னா கட்டி சுருங்க ஆரம்பிச்சிருக்குன்னு தான் அர்த்தம், போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. உள்ள உயிரோட மிச்சம் இருக்கற கேன்சர் செல்லுங்க, ரேடியேஷன் ஆரம்பிச்சு மூணு நாலு வாரத்துக்கு அப்புறம் முன்ன விட வேகமா பெருக ஆரம்பிக்கும், அந்த நேரத்துல நாம கேப் விட்டா அதுக்குத் தான் வசதி. 8 வாரத்த தாண்டிப் போற ஒவ்வொரு நாளுக்கும் கட்டி கட்டுக்குள்ள வர்ற வாய்ப்பு அரை சதவீதத்துலேர்ந்து 1 சதவீதம் வரைக்கும் கொறையுதுன்னு ஆய்வுங்கள்ல வந்திருக்கு. பத்து நாள் லீவு விட்டா என்ன ஆகும்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க. சனி ஞாயிறு விடறது வேற விஷயம், அது நல்ல செல்லுங்க தேறி வர்றதுக்கு ப்ளான்லயே சேத்து போட்ட கேப்பு.

வாய், தொண்டை கேன்சர்ல கதையே தலைகீழ். 33, 35 சிட்டிங் வரைக்கும் போகும். மொதல் ரெண்டு வாரம் சாதாரணமா வந்துட்டுப் போவாங்க, மூணாவது வாரம் வாயெல்லாம் புண்ணாயி எச்சில் முழுங்கறதே கஷ்டமாயிடும். வீட்ல இருக்கறவங்க "வந்தப்ப நல்லா தான இருந்தாரு, கரண்டு வச்சு வச்சு இப்டி ஆயிட்டாரே"ன்னு பயந்து கூட்டிட்டுப் போயிடறாங்க. இந்தப் புண்ணு வரும்னு தெரிஞ்சது தான், அதுக்கு வலி மாத்திரை இருக்கு, வாய் மரத்துப்போற ஜெல் இருக்கு. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணியில ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா போட்டு நாளைக்கு அஞ்சாறு தடவ கொப்பளிக்கணும். கடையில விக்கற எரியற மவுத்வாஷ் வேணாம். முட்டை, தயிர் சாதத்த கொழைய மசிச்சு, சத்துமாவு கஞ்சி, மோர்னு உள்ள போயிட்டே இருக்கணும், முடியலன்னா மூக்கு வழியா டியூப் போடறதுக்கு கூச்சப்படாதீங்க, அது கொஞ்ச நாளைக்குத் தான். ஏன் இவ்ளோ சொல்றேன்னா, தலை அசையாம இருக்க மொகத்துக்கு அளவா ஒரு மாஸ்க் செஞ்சு மாட்டுவோம், ஆளு எளைச்சுட்டா அது லூஸாயிடும், அப்புறம் புதுசா மாஸ்க், புதுசா ஸ்கேன், புதுசா ப்ளான், அதுல நாலஞ்சு நாள் போயிடும். மாவா, பீடி, சிகரெட்ட இந்த நேரத்துலயாவது கண்டிப்பா விட்டுடணும், பொகை பிடிச்சா ரேடியேஷன் வேலை செய்யற வேகமே கொறையும்.

வயித்துக்குக் கீழ ரேடியேஷன் எடுக்கற அம்மாங்க கிட்ட இன்னொரு விஷயம். யூரின் போயிட்டு வந்து அரை லிட்டர் தண்ணி குடிச்சு, அரை மணி முக்கால் மணி நேரம் அடக்கிட்டு இருங்கன்னு சொல்றோம்ல, மூத்திரப்பை நெறைஞ்சா தான் குடல் மேல தள்ளிப் போயி கதிர் படற எடத்துலேர்ந்து வெலகும், பேதி கம்மியாகும். ஆனா கும்மிடிப்பூண்டியிலேர்ந்து ட்ரெயின்ல வர்றவங்க வழியில பாத்ரூமுக்கு எங்க போறதுன்னு காலையிலேர்ந்து சொட்டு தண்ணி குடிக்காம வந்து நிப்பாங்க. வெயில்ல வறண்டு போன ஒடம்புல கடைசி நேரத்துல அரை லிட்டர் ஊத்துனாலும் பை நெறையாது, ஒரு மணி நேரம் ஒக்கார வேண்டியதா போகும். தண்ணி குடிச்சுட்டே வாங்க, வந்ததும் மொதல்ல எங்க பாத்ரூமுக்குப் போங்க, அப்புறம் கணக்குப்படி குடிங்க.

மார்பக கேன்சர்ல தாலிய கழட்டச் சொன்னா சில பேரு அழுதுடறாங்க. கதிர் படற எடத்துல தங்கமோ, மணியோ எதுவும் இருக்கக் கூடாதுன்னு தான் கேக்கறோம், கழட்டி கைமணிக்கட்டுல சுத்திக்கோங்கன்னு சொன்னா மனசு சமாதானம் ஆயிடுது. அந்த எடத்துல மஞ்சள், விபூதி, பவுடர் எதுவும் வேணாம், காட்டன் துணி லூஸா போடுங்க, நாங்க போட்ட கோட்ட தேச்சுக் குளிச்சு அழிச்சுடாதீங்க.

வீட்டுக்குப் போனா பேரக் கொழந்தைய தூக்கலாமான்னு கேக்காத பேஷண்ட்டே இல்ல. தாராளமா தூக்கலாம். வெளியிலேர்ந்து குடுக்கற ரேடியேஷன் மெஷின் நின்ன அந்த நொடியோட முடிஞ்சது, ஒடம்புல எதுவும் தங்காது. தைராய்டு கேன்சருக்கு உள்ளுக்கு குடுக்கற கதிரியக்க அயோடின் மருந்துக்குத் தான் சில நாள் தள்ளி இருக்கச் சொல்வாங்க, அத இதோட சேத்துக் கொழப்பிக்க வேணாம். இது ஏதோ நேத்து வந்த வைத்தியமும் இல்ல, முத்துலட்சுமி ரெட்டி அம்மா 1954ல அடையாறுல கேன்சர் இன்ஸ்டிடியூட் ஆரம்பிச்சு, அந்த 1950கள்லயே அங்க கோபால்ட்ங்கற உலோகத்துலேர்ந்து கதிர் குடுக்கற மெஷின் வந்துடுச்சு.

காசு தான் பிரச்சனைன்னா முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில ரேடியேஷன் வருது. வெளியூர்லேர்ந்து வர்ற கேன்சர் பேஷண்ட்டுக்கு டாக்டர் சர்டிபிகேட் இருந்தா ரயில்வேல ஸ்லீப்பரும் மூணாவது ஏசியும் இலவசம், கூட வர்றவருக்கும் சலுகை உண்டு. இதெல்லாம் சென்டர்ல கேட்டா தான் சொல்வாங்கன்னு இல்லாம நாங்களே மொத நாள்ல சொல்லணும், இன்னும் பல எடத்துல சொல்றதில்லங்கறது எனக்கு வருத்தம்.

சாவு, கல்யாணம், காய்ச்சல்னு ஒரு நாள் வர முடியாம போறது எல்லாருக்கும் வரும். ஒரு போன் பண்ணுங்க. விட்டத ஈடுகட்ட சனிக்கிழமை குடுக்கலாம், இல்ல ஒரே நாள்ல ஆறு மணி நேர இடைவெளி விட்டு ரெண்டு சிட்டிங் குடுக்கலாம், அத டாக்டர் முடிவு பண்ணுவாரு. திட்டுவாங்களோன்னு பயந்து ஒரு நாள விட்டவங்க தான் அப்புறம் ஒரு வாரம் வராம இருக்காங்க.

கடைசி சிட்டிங் முடிஞ்ச மறுவாரமே ஸ்கேன் எடுக்கணும்னு அவசரப்படாதீங்க, உள்ள வேலை இன்னும் நடந்துட்டு தான் இருக்கும், புண்ணு கூட அதுக்கப்புறம் ஒண்ணு ரெண்டு வாரம் ஏறிட்டு தான் எறங்கும், பெரும்பாலும் மூணு மாசம் கழிச்சு தான் ஸ்கேன். வாய்க்கு ரேடியேஷன் எடுத்தவங்க பல வருஷம் ஆனாலும் பல்லு புடுங்கப் போனா அந்த டென்டிஸ்ட் கிட்ட ரேடியேஷன் எடுத்ததச் சொல்லிட்டு, எங்க டாக்டரையும் கேட்டுட்டு புடுங்குங்க, இல்லன்னா தாடை எலும்பு ஆறாமப் போக வாய்ப்பு இருக்கு.