மெடிக்கல் பாஸ்போர்ட் முதல் 21 நாள் கெடு வரை: காவலர்களின் மருத்துவ விடுப்பு

ஸ்டேஷனுக்குப் போன் போட்டு "உடம்பு சரியில்லை" என்று சொன்னாலே மருத்துவ விடுப்பு தொடங்கிவிட்டதாகப் பல காவலர்கள் நினைக்கிறார்கள். தமிழ்நாடு காவல்துறையில் அது தொடங்குவது மெடிக்கல் பாஸ்போர்ட்டில், அதாவது மருத்துவமனைக்குப் போக நிலையத்தில் தரும் தாளில். பொறுப்பு அதிகாரியிடம் சொல்லி அந்தத் தாளை வாங்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கிளம்பிய நேரம் நிலையத்தின் பொது நாட்குறிப்பில் பதிவாகும். உள்நோயாளியாகச் சேர்ப்பதா, இத்தனை நாள் ஓய்வா, பணிக்குத் தகுதியா என்று மருத்துவர் எழுதித் தருவார். தகுதி என்று எழுதிவிட்டால் நேரே நிலையத்துக்குத்தான் திரும்ப வேண்டும். பாஸ்போர்ட் வாங்கியவர் மருத்துவமனைக்கும் போகவில்லை, பணிக்கும் வரவில்லை என்பது, குற்றச்சாட்டைச் சொல்லி விளக்கம் கேட்கும் குற்றக் குறிப்பாணைகளில் வழக்கமாக வரும் வாசகம்.

வெளியூரில் விபத்து, நேரில் வர வழியில்லை என்றால் அன்றே தகவல் சொல்லிவிட்டு, விண்ணப்பத்தையும் சான்றையும் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் செய்தியை மட்டும் நம்ப வேண்டாம்.

சான்று கையில் இருப்பதாலேயே விடுப்பு உரிமையாகிவிடாது. சந்தேகம் வந்தால் அதிகாரி இரண்டாவது மருத்துவக் கருத்து கேட்கலாம். விடுப்பு 60 நாளைத் தாண்டினால் மருத்துவக் குழுவுக்கு அனுப்புவார்கள். அழைப்பு வந்தும் குழுமுன் போகாமல் இருந்தால் கையிலுள்ள சான்றின் மதிப்பும் போய்விடும். மருத்துவச் சான்றின் பேரிலான ஈட்டா விடுப்பு (பணி செய்து சேர்த்த ஈட்டிய விடுப்பில் சேராதது), 20 ஆண்டுக்கு மேல் பணி முடித்தவருக்கு மொத்தப் பணிக்காலத்துக்கும் 540 நாள்தான்; பணிக்காலம் குறைந்தால் அதுவும் குறையும்.

சிக்கல் அதிகம் வருவது தேதிகளில். முதல் சான்று 10-ந்தேதியோடு முடிந்து, நீட்டிப்புச் சான்று 13-ந்தேதி தொடங்கினால், நடுவில் இரண்டு நாள் ஆப்சென்ட். உடல்தகுதிச் சான்று வாங்கிய பிறகு வீட்டில் இருந்த நாள்களுக்கும் அதே கதிதான். தகுதிச் சான்று இல்லாமல் பணியில் சேர்க்கவும் மாட்டார்கள். மருத்துவரின் பதிவு எண், முத்திரை, நோயின் பெயர் மூன்றும் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

அனுமதியில்லாமல் 21 நாள் வராவிட்டால் காவல் நிலை ஆணை 95-இன்படி ஓடிப்போனவராக அறிவிப்பார்கள். அப்படி அறிவிக்கும் ஆணையை வீட்டு முகவரிக்கு அனுப்புவார்கள். முகவரி மாறியதைச் சொல்லாதவருக்கு அது வந்ததே தெரியாது. ஆணையில் சொன்ன கெடுவுக்குள் நேரில் ஆஜராகி, காரணத்தை எழுத்தில் கொடுங்கள். அதன் பிறகும் காவலர்களுக்கான 1955-ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளின் 3(பி) பிரிவில் துறை நடவடிக்கை வரலாம். பணிநீக்கம்வரை போகக்கூடியது அது.

விசாரணையில் பேச வேண்டியது, வராமல் இருந்தது வேண்டுமென்றா, வேறு வழியில்லாமலா என்பதைத்தான். வேண்டுமென்றே வராமல் இருந்தார் என்று நிரூபித்தால்தான் அது நன்னடத்தைக் குறைவாகும் என்று கிருஷ்ணகாந்த் பர்மார் வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உள்நோயாளிப் பதிவு, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டுகள் இங்கே உதவும். பல மாதம் கழித்து ஒரே நாளில் வாங்கிய மொத்தச் சான்று உதவாது.

தண்டனை முடிந்தாலும், வராத காலத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதற்குத் தனி ஆணை வேண்டும். அதைக் கேட்டு வாங்கிப் பணிப்பதிவேட்டில் ஏற்றாவிட்டால், ஓய்வூதியம் கணக்கிடும் நேரத்தில் அந்த இடைவெளிக்கு மறுபடி விளக்கம் கேட்பார்கள்.