பெட்ரோல் ஹோஸ் மேல் பின்னிய எஃகு வலை எதைக் காக்கும், எதைக் காக்காது

ஐப்பசி மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு காலையில், பெரம்பூரிலிருந்து ஓர் இளைஞர் தம் தாத்தா வாங்கிய பழைய காரை அம்பத்தூரில் உள்ள எங்கள் பட்டறைக்கு ஓட்டி வந்தார். எஞ்சினைப் பிரித்துச் சீர்செய்து, பெயின்ட் அடித்து, சீட்டுக்குப் புது உறை போட்டு, வண்டியைப் பிள்ளையைப் போல வளர்த்து வைத்திருந்தார். "அண்ணே, சிக்னல்ல நின்னா ஏசி வழியா பெட்ரோல் வாடை வருது. ஆனா ஹோஸ் எல்லாம் புதுசுண்ணே, போன மாசம்தான் ஸ்டீல் பின்னல் போட்டது மாத்தினேன்" என்றார். பானெட்டைத் திறந்தேன். வெள்ளிக் கொலுசு போல மின்னும் ஹோஸும் இரு முனைகளிலும் சிவப்பும் நீலமுமாக அலுமினிய ஃபிட்டிங்குகளும் தெரிந்தன. எங்கும் ஒரு சொட்டுக்கூடக் கசிவு இல்லை.

எஞ்சினைச் சூடாகும் வரை ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிடம் காத்திருந்தேன். நிறுத்திய பிறகுதான் பானெட்டுக்குள் வெப்பம் இன்னும் ஏறும். காற்றோட்டம் நின்றுவிடுவதால், ஓடும்போது மறைந்திருக்கும் கசிவு அப்போது வெளிப்படும். ஒரு வெள்ளைத் துணியை ஹோஸைச் சுற்றிப் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மெதுவாக இழுத்தேன். நடுப்பகுதியைத் தாண்டியதும் துணியில் பெட்ரோல் வாடை ஏறியது. எரிபொருள் அழுத்தத்தை வெளியேற்றி, பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஹோஸை எடுத்துவந்து மேசையில் வைத்து நீளவாக்கில் அறுத்தோம். வெளியே பின்னல் புதிதாகத்தான் இருந்தது. உள்ளே இருந்த ரப்பரோ ஊறிப் பருத்து, நகத்தை வைத்து அழுத்தினால் பதியும் அளவுக்கு இளகியிருந்தது. பெட்ரோல் போக வேண்டிய துவாரம் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கியிருந்தது. அது தண்ணீருக்கோ வேறு எதற்கோ செய்த ஹோஸ். இணையத்தில் மலிவாகக் கிடைத்ததை, மேலே எந்த முத்திரையும் இல்லாத நிலையிலும், ஏதோ ஒரு பட்டறையில் வாங்கி மாட்டிவிட்டிருக்கிறார்கள்.

பின்னல் ஹோஸ் கேட்டு எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர், பெட்ரோலை அடக்கி வைத்திருப்பது அந்த எஃகு வலைதான் என்று நம்புகிறார்கள். அப்படியில்லை. வலைக்கு இரண்டு வேலைகள்தாம் உண்டு: உள்ளிருக்கும் குழாய் அழுத்தத்தில் விரிந்து வெடிக்காமல் கட்டிப்பிடிப்பதும், வெளியிலிருந்து உராய்வோ அடியோ படாமல் காப்பதும். பெட்ரோலைத் தாங்கி நிற்பது உள்குழாய். அதைக் கசியாமல் முடிந்து வைப்பது முனையில் உள்ள ஃபிட்டிங். இந்த இரண்டும் சரியில்லை என்றால் வலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பயனில்லை. சாதாரண ரப்பர் ஹோஸாவது வெடிப்பு விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். பின்னலுக்குள் இருப்பது கெட்டுப்போனால் வலையே அதை மூடி மறைத்துவிடும். நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

ஆகவே வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, உள்ளே என்ன குழாய் என்பதே. நைட்ரைல் ரப்பர் பெட்ரோலைத் தாங்கும். ஆனால் ஆண்டுகள் போகப் போக இறுகி, வெடிப்பு விடும். ஆவியும் கொஞ்சம் கொஞ்சமாக அதன் சுவர் வழியே வெளியேறிக்கொண்டே இருக்கும். டெஃப்லான் என்று கடைகளில் சொல்லப்படும் பிடிஎஃப்இ குழாய்க்கு இந்தக் குறை மிகக் குறைவு. எத்தனாலும் அதை ஒன்றும் செய்யாது. எத்தனாலைப் பற்றிச் சொல்லக் காரணம் இருக்கிறது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் குறிப்பிட்ட சில பங்க்குகளில் அறிமுகமாகி, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. 1990-களில் வந்த வண்டிகளின் ரப்பர் பாகங்கள் இந்தக் கலவையை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. பழைய கார் வைத்திருப்பவர் ஹோஸ் மாற்ற நினைப்பது வீண் ஆசை என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். பல வண்டிகளுக்கு அது கட்டாயத் தேவை. எதை மாட்டுகிறோம் என்பதில்தான் என் கவலை முழுவதும்.

டெஃப்லானிலும் ஒரு நுட்பம் உண்டு. மின்சாரம் கடத்தாத குழாய்க்குள் பெட்ரோல் வேகமாக ஓடும்போது அதன் சுவரில் நிலைமின்னூட்டம் சேர்கிறது. அது வெளியேற வழியில்லாவிட்டால் சுவரைத் துளைத்துக்கொண்டு எஃகு வலைக்குப் பாயும். அப்படிப் பாய்ந்த இடத்தில் ஊசிமுனைத் துளை விழும். இதைத் தவிர்க்கத்தான் எரிபொருளுக்கான டெஃப்லான் குழாயில் கார்பன் சேர்த்து, மின்னூட்டம் ஃபிட்டிங் வழியாக வண்டியின் உடலுக்கு இறங்கும்படி செய்கிறார்கள். அத்தகைய குழாய் உட்புறம் கறுப்பாக இருக்கும். கறுப்பாக இருப்பதெல்லாம் அந்தக் குழாய்தான் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. தயாரிப்பாளர் எரிபொருளுக்கு என்று எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். வெள்ளைக் குழாய் உள்ள பிரேக் ஹோஸைப் பெட்ரோலுக்கு மாட்டலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டவே வேண்டாம் என்பதுதான்.

புது இடத்திலிருந்து ஹோஸ் வாங்கினால் நாங்கள் ஒரு சாண் துண்டை வெட்டி, உள்விட்டத்தையும் சுவர்க் கனத்தையும் வெர்னியரில் அளந்து குறித்துக்கொண்டு, பங்க்கில் கிடைக்கும் அதே பெட்ரோலில் மூடிய டப்பாவில் ஒரு வாரம் ஊறவைத்து மறுபடி அளக்கிறோம். இது தீத்தடுப்பு வசதியுள்ள பட்டறையில் செய்ய வேண்டிய வேலை. வீட்டு மொட்டைமாடியிலோ அடுப்பங்கரைக்குப் பக்கத்திலோ யாரும் முயன்று பார்க்க வேண்டாம். பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து போய், எங்கோ எரியும் நெருப்பைத் தேடிப் பிடிக்கும்.

அடுத்தது அழுத்தம். அதை பார் என்ற அலகில் சொல்வார்கள். பழைய கார்புரேட்டர் வண்டியில் பம்ப் தருவது 0.2 முதல் 0.4 பார் வரைதான். இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைத் தெளிக்கும் எம்பிஎஃப்ஐ வண்டிகளில் பொதுவாக 3 முதல் 4 பார். இந்த இரண்டுக்கும் தகுந்த பின்னல் ஹோஸ் தாராளமாகப் போதும். எஞ்சினின் எரியறைக்குள் நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் புதிய வண்டிகளில், இரண்டாவது பம்ப்புக்கு அப்பால் அழுத்தம் 100 பாரைத் தாண்டும். காமன் ரெயில் டீசலில் பல வண்டிகளில் 1,600 பாரையும் தாண்டும். அங்கே நிறுவனம் கொடுத்த எஃகுக் குழாயைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை. சிஎன்ஜி சிலிண்டர் 200 பாரில் நிரப்பப்படுவது. அதன் குழாயில் அங்கீகாரம் பெற்ற மையத்தைத் தவிர யாரும் கை வைக்கக் கூடாது. ஜேசிபிக்கு ஹைட்ராலிக் ஹோஸ் அடித்துத் தரும் கடைக்குப் போய், "இது 200 பார் தாங்கும், பெட்ரோல் என்ன பெரிசு" என்று வாங்கி வருகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த ஹோஸ் ஆயிலுக்கானது. அழுத்தத்தைத் தாங்குவது வேறு, பெட்ரோலைத் தாங்குவது வேறு.

ஹோஸ் நல்லதாகவே இருந்தாலும் முனை செய்வதில் கெடுத்துவிடலாம். வெட்டும் இடத்தில் டேப்பை இறுக்கிச் சுற்றி, நுண்பல் பிளேடால் அல்லது மெல்லிய கட்டிங் வீலால் நேர்கோணத்தில் அறுக்க வேண்டும். இல்லாவிட்டால் எஃகு இழைகள் பிரிந்து பூ விரிந்தது போல் நிற்கும். டெஃப்லான் ஹோஸில் ஆலிவ் என்று சொல்லும் சிறு வளையம், வலைக்கு உள்ளேயும் டெஃப்லான் குழாய்க்கு மேலேயும் உட்கார வேண்டும். ஒரே ஓர் எஃகு இழை அந்த வளையத்துக்கு அடியில் சிக்கினாலும் போதும், அதன் வழியே பெட்ரோல் கசியும். நான் ஆணியின் முனையால் இழைகளைச் சுற்றிலும் மெல்ல விலக்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகே வளையத்தை ஏற்றுவேன். ஒரு முனைக்குக் கால் மணி நேரம் ஆகும். அவசரப்படுத்துகிற வாடிக்கையாளரை டீ குடித்துவிட்டு வரச் சொல்லிவிடுவேன். ரப்பர் ஹோஸாக இருந்தால், ஃபிட்டிங்கின் விளிம்பில் ஹோஸ் மேல் ஒரு பெயின்ட் கோடு போட்டுவிட்டுத் திருகுவோம். திருகும்போது ஹோஸ் பின்னால் தள்ளப்பட்டால் கோடு நகர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். முடிந்ததும் தண்ணீர் நிரப்பி, கைப்பம்ப்பால் வேலை அழுத்தத்தைப் போல் இருமடங்கு ஏற்றி, பத்து நிமிடம் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்து, பிறகு காற்றடித்து உலர்த்துகிறோம். அறுத்தபோது உள்ளே விழுந்த எஃகுத் தூள் ஒரு துகள் மிச்சமிருந்தாலும் இன்ஜெக்டருக்குத்தான் போய்ச் சேரும்.

பின்னல் ஹோஸின் முனையில் வரும் ஏஎன் வகை ஃபிட்டிங் கசிந்தால் டெஃப்லான் டேப்பைச் சுற்றுவது இங்கே பெரிய வழக்கம். அது மரையில் அடைபடும் வகை அல்ல. 37 பாகைச் சரிவில் உலோகம் உலோகத்தோடு பொருந்தி அடைபடுவது. 45 பாகைச் சரிவுள்ள குழாயோடு அதைச் சேர்த்தால் எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது. சுற்றிய டேப்போ பிய்ந்துபோய் ஃபில்டரையும் இன்ஜெக்டரையும் அடைக்கும். இன்னொன்று: புதிய வண்டிகளின் நைலான் குழாயை நடுவில் அறுத்து, ரப்பர் ஹோஸைச் செருகி, கிளிப் போட்டு முறுக்குவது. வழவழப்பான நைலானில் பிடிப்பே கிடையாது. 3 பார் அழுத்தத்தில் ஒரு நாள் வழுக்கி வெளியே வந்துவிடும். அந்தக் குழாய்க்கென்று உள்ள குவிக் கனெக்டர் அடாப்டர் வாங்கித்தான் செய்ய வேண்டும்.

மாட்டும் வழித்தடத்தைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எஃகுப் பின்னலை ஒரு வயர் மேல் வைத்து விரலால் முன்னும் பின்னுமாக இருபது முறை தேய்த்துப் பாருங்கள், அரம் போட்டது போல் வயரின் தோல் உரிந்திருக்கும். எஞ்சின் ஓடும்போது இந்தத் தேய்ப்பு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் நடக்கிறது. பேட்டரியின் பாசிட்டிவ் வயரை அது உரித்துவிட்டால், பெட்ரோல் போகும் குழாயின் மேலேயே ஷார்ட் ஆகும். அதனால் பின்னலுக்கு மேல் ஓர் உறை போட்டு, ரப்பர் வைத்த கிளாம்ப்பால் சேஸிஸில் பிடித்து, வயர்களிடமிருந்தும் எக்ஸாஸ்ட்டிடமிருந்தும் விலக்கி வைப்பது கட்டாயம். எஞ்சின் தன் மவுன்ட்டில் ஆடுவதற்கும் ஹோஸில் கொஞ்சம் தளர்வு விட வேண்டும்.

சென்னைக்கென்று இரண்டு செய்திகள். தெருவோரம் நிறுத்தும் வண்டிகளில் எலி பெட்ரோல் ஹோஸைக் கடித்துவைப்பது இங்கே வாராவாரம் பார்க்கிற வேலை. அதற்கு எஃகுப் பின்னல் உண்மையிலேயே நல்ல காப்பு. ஆனால் திருவான்மியூர், பெசன்ட் நகர், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகளில் துருப்பிடிக்காத எஃகும் பழுப்பேறும். நாளடைவில் இழைகள் அரித்து அறும். அறுந்த இழை கையில் குத்தினாலே அந்த ஹோஸின் காலம் முடிந்தது என்று பொருள்.

ஹோஸ் மாற்றினால் பிக்கப் கூடுமா என்று கேட்கிறார்கள். கூடாது. ஏஎன் 6 என்ற அளவு 6/16 அங்குலம், அதாவது 9.5 மில்லிமீட்டர் வெளிவிட்டக் குழாய்க்கு ஈடானது. நம் சாலைகளில் ஓடும் சாதாரண கார்களுக்கு அதுவே மிகுதி. பம்ப்பும் இன்ஜெக்டரும் டியூனிங்கும் மாறாமல் பெரிய ஹோஸ் மட்டும் போடுவதால் காசுதான் போகும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தய டிராக்கில் ஓட்டப்போகிறவரின் தேவை வேறு. வாரன்டி உள்ள வண்டியாக இருந்தால் கை வைக்கும் முன் சர்வீஸ் மையத்திலும், எந்த வண்டியானாலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரம்பூர் தம்பியின் வண்டிக்குக் கார்பன் சேர்த்த டெஃப்லான் ஹோஸ் இரண்டு செய்து மாட்டினோம். டேங்க்கிலிருந்து வரும் பழைய ரப்பர்த் துண்டையும் மாற்றினோம்; பானெட்டுக்குள் புதிது போட்டவர்கள் வண்டிக்கு அடியில் இருந்ததை மறந்திருந்தார்கள். வலைக்குள் இருப்பது பிற்பாடு பார்ப்பவருக்குத் தெரியாது என்பதால், ஒவ்வொரு ஹோஸிலும் ஓர் அலுமினியத் தகட்டைக் கட்டி, உள்குழாயின் வகை, செய்த மாதம், சோதித்த அழுத்தம் மூன்றையும் அதில் பொறித்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். 500 கிலோமீட்டர் ஓடியதும் அவர் சொன்னபடி திரும்பி வந்தார். வண்டியைச் சூடாக்கி நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து அதே வெள்ளைத் துணியை ஹோஸ் நெடுக இழுத்து அவரிடமே கொடுத்தேன். முகர்ந்து பார்த்தார், தூசி வாடைதான் இருந்தது.